பாகூர்ச் சாலையில் மிகேல் டிரம்மைத் திறந்தான்

புதுச்சேரியிலிருந்து பாகூருக்கு இருபது கிலோமீட்டர். மாட்டு வண்டியில் ஐந்து மணி நேரம் என்பார்கள். எங்களுக்கு ஆறரை ஆனது. போன மாசியில் அங்கே ஒரு நிலக்கிழார் வீட்டுக் கல்யாணத்தில் வாசிக்கப் போனோம். நான் கிளாரினெட், ஸ்பெயின்காரன் மிகேல் டிரம்.

மிகேல் மீனவன் மகன். யாரிடமும் பாடம் கேட்டதில்லை. மீன் பெட்டிகளைத் தட்டித் தட்டித் தானே கற்றுக்கொண்டவன். மர்சேய் மதுக்கடைகளில் ஜாஸ் வாசித்தான், பிறகு ஒரு கப்பல் வாத்தியக் குழுவில் சேர்ந்தான். கடுங்காய்ச்சல் வந்ததும் அவனை எங்கள் துறைமுகத்தில் இறக்கிவிட்டுக் கப்பல் போய்விட்டது. இரண்டு வருஷமாகப் புதுச்சேரியில் நான் வாசிக்கும் கிளப்பில் என் பக்கத்தில்தான் வாசித்தான். அந்தச் சம்பளத்தில் பெண்டாட்டியையும் மகளையும் வரவழைக்க வழியில்லை.

மாப்பிள்ளையின் மாமா சைகோனில் ஒரு ஹோட்டல் மேலாளர். டிரம் வாசிக்க ஆள் தேடிக்கொண்டிருந்தார். கிளப்பில் ஒருமுறை மிகேல் வாசித்ததைக் கேட்டுவிட்டு, "சத்தம் மந்தமா இருக்கே" என்று உதட்டைப் பிதுக்கினார். கல்யாணத்துக்கு மறுநாள் அவருக்குக் கப்பல். ஆக, மிகேலுக்கு இருந்தது அந்த ஒரு மாலைதான்.

காலை பத்துக்குக் கிளம்பினோம். அதுவே தப்பு. வண்டி வாடகை ஒன்றரை ரூபாய். அரியாங்குப்பம் தாண்டியதும் வெயில் மண்டையைப் பிளந்தது. வழியில் கொஞ்ச தூரம் இங்கிலீஷ்காரன் சீமை, பிறகு மறுபடி பிரெஞ்சு சீமை. நடுவில் சுங்கச் சாவடி.

காவலர் பெரிய டிரம்மைத் தடியால் தட்டினார். "இன்னாய்யா இது உள்ள?"

"வெறும் மேளம்தாங்க," என்றார் வண்டிக்காரர் கோவிந்தன்.

"வெறும் மேளம் இப்டியா சத்தம் போடும்? பட்டுத்துணியா, பிராந்தியா? பிரிச்சிக் காட்டு."

உள்ளே நிஜமாகவே ஏதோ அடைத்திருந்தது! மிகேல் ஒவ்வொரு திருகாகக் கழற்றி, முன்பக்கத் தோலை எடுத்தான். உள்ளே பழைய மீன்வலை. டிரம் ரொம்ப அதிரக் கூடாதென்று அவனே கண்டுபிடித்த வழியாம். காவலர் வலையை உதறிப் பார்த்தார். காய்ந்த செதில் நாலு விழுந்தது.

"இதுக்கா இத்தினி நேரம்? போங்கய்யா!"

ஒன்றரை மணி நேரம் போயிற்று. பாகூர் சேரும்போது நாலரை, கச்சேரி ஐந்துக்கு. குலுங்கும் வண்டியில் தோலைக் கட்ட முடியவில்லை; இப்போது அவசரத்தில் இழுத்துக் கட்டினால் கிழிந்துவிடும், தோலில்லாமல் வலையும் உள்ளே நிற்காது. வேறு வழியில்லாமல் மிகேல் வலையை வண்டியிலேயே போட்டுவிட்டு, திறந்த டிரம்மோடு உட்கார்ந்தான்.

டிரம்மின் மிதிகட்டையைக் காலால் மிதித்த முதல் அடியிலேயே பந்தல் அதிர்ந்தது. வாசலில் படுத்திருந்த மாடுகள் எழுந்துவிட்டன. "இத்தினி நாளு இத்த மூடியா வச்சிருந்தாரு?" என்றார் கோவிந்தன். மேலாளர் இலையில் ஜாங்கிரியை வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தார். இரண்டாவது பாட்டு முடிவதற்குள் எழுந்தே வந்துவிட்டார்.

மறுநாள் மாலை மிகேல் அதே கப்பலில் போனான். கிளாரினெட்டுக்கு அங்கே ஏற்கெனவே ஆள் இருக்கிறதாம். எனக்குப் பொறாமையே இல்லை என்று எழுதினால் அது பொய்.

பாகூர் போகிறவர்களுக்கு: காலை ஆறுக்கே கிளம்புங்கள், தண்ணீர் கொண்டுபோங்கள். மூடிய சாமான் இருந்தால் சாவடியில் கேட்கும் முன்பே திறந்து காட்டிவிடுங்கள். நாங்கள் அன்று நேரத்தோடு கிளம்பியிருந்தால், தோலை நிதானமாகக் கட்டியிருப்போம். மிகேலும் இந்நேரம் என் பக்கத்தில் உட்கார்ந்து மந்தமாக வாசித்துக்கொண்டிருப்பான்.