கொட்டியாரக் குடாவின் மேலே ஆறு வெளிச்சங்கள்

இரவு ஏழு நாற்பதுக்கு, மண்ணெண்ணெய் வாசனையோடு அது தொடங்கியது. மூதூர்ப் பக்கக் கரையில் இருந்த எங்கள் வீட்டில் அம்மா "லாம்பு"க்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தபோது, குடாவுக்கு அப்பால் துறைமுகத்தின் மேலே மஞ்சளாக ஆறு வெளிச்சங்கள் வரிசையாக எழுந்து நின்றன. சண்டைக்கால வானத்தில் எங்களுக்குப் பழக்கமானது ராணுவம் ஏவும் "பரா லைற்". அது புகைவிட்டபடி ஆடி ஆடிக் கீழே இறங்கும். இவை இறங்கவில்லை, அசையவில்லை, இரைச்சலும் இல்லை.

"லாம்புகளை நூருங்கோ!" என்று பக்கத்து வீட்டுப் பரிமளம் அக்கா கத்தினார். வானத்தில் எது தெரிந்தாலும் விளக்கை அணைத்துவிட்டு நிலத்தில் படுப்பதுதான் அன்றைய வழக்கம். ஒன்பது வயதுக்காரியான நான், யாரும் சொல்லாமலே கரைக்கு ஓடி, கடலுக்குப் போனவர்களுக்காகக் கம்பத்தில் கட்டியிருக்கும் துறை லாம்பையும் ஊதி அணைத்துவிட்டுப் பெருமையோடு வந்தேன். அன்று கடலில் இருந்தது அப்பாவின் தோணி மட்டுந்தான். கல் நிறைந்த அந்தக் கரையில் தோணி நுழைய இருந்த ஒரே இடைவெளியை அந்த லாம்புதான் காட்டும்.

"துறை லாம்பையுமா நூத்தனீ?" என்று அம்மா கேட்டார். நெருப்புப்பெட்டியோடு எழுந்தவரை, அயலாரோடு எங்கள் முற்றத்து மணலில் படுத்திருந்த பரிமளம் அக்கா சேலையில் பிடித்து இழுத்தார்.

"விசரே உனக்கு? நீ ஒரு மனிசனைப் பாக்கிறாய். இஞ்ச நாப்பது சீவன் கிடக்கு."

"உங்கட மனிசன் பக்கத்தில கிடக்கிறார். நீங்கள் கதைப்பீங்கள், அக்கா."

"அந்தாள் இருக்கிறதும் ஒண்டுதான், இல்லாததும் ஒண்டுதான். படடி!"

அம்மா படுத்தார். அரை மணித்தியாலம் கழித்து, யாரோ வரிசையாக ஊதிக்கொண்டு போனதுபோல, வெளிச்சங்கள் ஒவ்வொன்றாக மறைந்தன. அதன் பிறகுதான் லாம்பை ஏற்ற விட்டார்கள். தோணி வரவில்லை. விடியும்வரை அம்மா கரையில் நின்றார். நான் செய்ததை அவர் எவருக்கும் சொல்லவில்லை, என் முகத்தையும் பார்க்கவில்லை.

அவை என்ன வெளிச்சங்கள் என்று இன்றுவரை எவரும் சொல்லவில்லை. அந்தக் கரையில் இப்போது மீனவர் குடிசைகளான வாடிகளும் இல்லை, கம்பமும் இல்லை. தோணிக்காரர் கைபேசியில் வழி பார்க்கிறார்கள். மாலை வகுப்புக்குப் போன என் மகள் பத்து நிமிடம் பிந்தினாலும் நான் வாசலுக்கு வந்து முதலில் வானத்தைத்தான் பார்க்கிறேன்.

அந்த இரவு விடிந்து, வெயில் ஏறிய பிறகு அப்பாவின் தோணி வந்தது. இறங்கியவர் அம்மாவையும் என்னையும் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்.

"வழி தெரியாமல் நிக்கேல்லை," என்றார். "லாம்பு நூந்ததைக் கண்டனான். உங்களையெல்லாம் முடிச்சுப்போட்டாங்கள் எண்டு நினைச்சன். கரைப்பக்கம் திரும்பிப் பாக்க எனக்குத் துணிவு வரேல்லை."