தைத்த சாக்கு

கடலாடிப் பக்கம் எங்கள் வயல்களுக்கு வானத்தைத் தவிர வேறு தண்ணீர் கிடையாது. புரட்டாசியில் காய்ந்த புழுதியிலேயே நெல்லை விதைத்துவிட்டு மழைக்குக் காத்திருப்போம். ஆனால் பாதி விதையைத்தான் விதைப்போம். மீதிப் பாதியைச் சாக்கில் போட்டு, வேப்பிலை தூவி, கோணி ஊசியால் வாயைத் தைத்துவிடுவோம். முதல் விதைப்பு முளைத்துக் கருகினால்தான் அதைப் பிரிக்கலாம். ஆண்கள் பாதிப் பேர் வெளிநாட்டில். அதனால் இதைக் காப்பதெல்லாம் பெண்கள்தான். வருஷக் கஞ்சியே அந்தச் சாக்கில் இருந்தது.

அந்த வருஷம் சவுதியிலிருந்து என் வீட்டுக்காரர் வீடியோவில் வந்தார்.

"போன்ல பத்து நாளைக்கு மழைன்னு காட்டுது. பூராத்தையும் வெதச்சு விட்டுரு."

"பாதிய வைக்கணுங்க."

"எல்லாம் தெரிஞ்சவ மாதிரிப் பேசாத."

வயல் அவர் பெயரில் இருக்கிறது. குனிந்து குனிந்து என் முதுகு அதில் தேய்ந்தது கணக்கில் வராது. இருந்தும் வாயை மூடிக்கொண்டு சாக்கைப் பிரித்தேன். அவரை மட்டும் குறை சொல்ல மாட்டேன். பிரித்த கை என்னுடையது.

ஒரே ஒரு மழை பெய்தது. பயிர் விரற்கடை முளைத்து, மூன்று வாரம் வெயிலில் காய்ந்து, கையில் எடுத்தால் உதிர்ந்தது. ஐப்பசிக் கடைசியில் நல்ல மழை பிடித்தபோது ஊரில் எல்லாரும் சாக்கைப் பிரித்தார்கள். நான் வெறுங்கையோடு வரப்பில் நின்றேன்.

பக்கத்து வயல்காரி எனக்கு மதினி முறை. புருஷன் இறந்து, இரண்டு பெண் பிள்ளைகளோடு அந்த வயலை மட்டும் நம்பியிருந்தவள். ஒரு நாளும் கடையில் அரிசி வாங்காதவள். நான் கேட்கவேயில்லை. தன் விதையில் பாதியை என் முந்தானையில் கொட்டினாள்.

"உனக்கு மதினி?"

"ஒன் வயலு சும்மா கெடந்தா ஆடு மாடு பூராம் எங்கிட்டதான வந்து மேயும். போயி வெத."

தனக்கு மிஞ்சித்தான் தானம் என்பார்கள். அவளுக்கு ஒன்றும் மிஞ்சவில்லை. நான் வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை.

விதை பத்தாமல் இடைவெளி விட்டுக் கலக்க விதைத்த இரண்டு வயலிலும் கோரைதான் செழித்தது. அவளும் நானும் களையெடுத்து மாளவில்லை. தை மாதம் அறுத்தபோது என் வீட்டுக்குச் சித்திரை வரைக்கும்கூட நெல் காணாது. எனக்குப் பணம் அனுப்ப ஆள் இருந்தது, கடையில் வாங்கினேன். அவளுக்கு யார் இருந்தார்கள்? விதைக்கு எடுத்து வைத்ததையும் பொங்கித் தின்றுவிட்டு, உப்பளத்து வேனில் ஏறிவிட்டாள்.

இந்தப் புரட்டாசியில் விதை வாங்கியதும் பாதியைத் தலையில் தூக்கிக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனேன். வாசலில் உட்கார்ந்து, உப்பு அரித்த பாதத்துக்கு வேப்பெண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள்.

"விடியுமுன்ன வேனு வந்துருது. நான் எப்ப வெதைக்க, எப்ப களையெடுக்க? நீயே வச்சுக்க ஆத்தா."

கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன்.

சாக்கைத் தைத்து அடுப்படி மூலையில் வைத்திருக்கிறேன். அவள் வயலில் சீமைக்கருவேல் முழங்கால் உயரம் வந்துவிட்டது.