காப்பு கட்டியவர் எல்லை தாண்டக் கூடாது

எங்கள் வீட்டில் எந்தப் பொருளும் பழசானதில்லை. பழசாவதற்குள் என் வீட்டுக்காரருக்கு அது அலுத்துப் போயிருக்கும். லவ் பேர்ட்ஸ் வளர்த்தார். ஒரு மழைக்காலத்தோடு கூண்டு மொட்டை மாடிக்குப் போனது. காளான் வளர்க்கிறேன் என்று பின்பக்க அறை முழுக்க வைக்கோல் பைகளைத் தொங்கவிட்டார். திண்டிவனம் பஸ் ஸ்டாண்டு பக்கம் மோமோ கடை போட்டார். ஜனங்கள் அதைக் கொழுக்கட்டை என்று நினைத்து உள்ளே பூரணம் எங்கே என்று கேட்டார்களாம். அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாரே தவிர, கடையை மூடிய வருத்தம் ஒரு நாள்கூட அவர் முகத்தில் இல்லை. கடைசியில் கல்யாணங்களில் ட்ரோன் கேமரா பறக்கவிடும் வேலையில்தான் நிலைத்தார். போகிற இடமெல்லாம் வேறு ஊர், வேறு மண்டபம், வேறு சாப்பாடு. அதனால் அந்த வேலைக்கு இன்னும் ஆயுசு இருக்கிறது.

அவரோடு குடித்தனம் பண்ணுவது ஜாலியாக இருக்குமே என்று பள்ளிக்கூடத்தில் மற்ற டீச்சர்கள் சொல்வார்கள். ஜாலிதான், இல்லை என்று சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் என்னை எழுப்பி, இரும்பை கிராமத்துப் பக்கம் வெள்ளைக்காரன் ரொட்டிக் கடை ஒன்று திறந்திருக்கிறானாம் என்று வண்டியில் ஏற்றிக்கொண்டு போவார். கல்லு மாதிரி இருக்கும் அந்த ரொட்டியைக் கடித்துக்கொண்டு இருவரும் கண்ணில் நீர் வரச் சிரித்திருக்கிறோம். ஆனால் எனக்கு ஒரு காய்ச்சல் வந்தால் மனிதரை வீட்டில் பார்க்க முடியாது. மாத்திரை வரும், ஆரஞ்சு வரும், சார்ஜ் போடுகிற குட்டி விசிறி வரும். வாங்கி வந்தவர் மட்டும் பக்கத்தில் உட்கார மாட்டார்.

கல்யாணமான இரண்டாம் வருஷம் எங்களுக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தது. பிறக்கும்போதே உயிர் இல்லை. விழுப்புரத்து ஆஸ்பத்திரியில் என்னைச் சுற்றி இருந்தவர்கள், பார்க்க வேண்டாம், பார்த்தால் மறக்காது என்று சொல்லி என் கண்ணில் காட்டாமலே எடுத்துப் போய்விட்டார்கள். நான் வீடு திரும்பியபோது கூடத்தில் ஒரு பெரிய மீன்தொட்டி நீல விளக்கோடு நின்றது. இது எந்த ஊர் மீன், இது எதைத் தின்னும், இதற்கு ஏன் வாலில் கண் மாதிரி இருக்கிறது என்று அவர் பேசினார், பேசிக்கொண்டே இருந்தார். நானும் கேட்டுக்கொண்டே இருந்தேன். அந்தக் குழந்தையைப் பற்றி எங்கள் வீட்டில் அதன் பிறகு ஒரு வார்த்தை பேசியது கிடையாது. விழுப்புரம் போனால் அந்த ஆஸ்பத்திரி இருக்கிற சாலையில் மட்டும் அவர் வண்டியைத் திருப்ப மாட்டார். ஒரே டிராஃபிக் என்பார்.

போன வருஷம் என் கழுத்தில் ஒரு கட்டி தெரிந்தது. அதே ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டியிருந்தது. ஒவ்வொரு முறையும் என்னை விழுப்புரம் பஸ் ஸ்டாண்டில் இறக்கிவிட்டு அவருக்கு அவசர வேலை வந்துவிடும். விழுப்புரத்தில் இருக்கும் என் அக்காதான் கூட வந்தாள். கட்டியை எடுத்தே ஆக வேண்டும், எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினால்தான் என்னவென்று தெரியும் என்றார் டாக்டர். இன்னொன்றும் சொன்னார். குரலுக்குப் போகிற நரம்பு அந்த இடத்தை ஒட்டியே ஓடுகிறதாம். கவனமாகத்தான் செய்வோம், ஆனாலும் குரல் கம்மிப்போக வாய்ப்பு உண்டு என்றார். இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளைத் தொண்டையை வைத்துத்தான் மேய்க்கிறேன். அது போனால் எனக்கு என்ன இருக்கிறது என்று அக்கா முன்னால் அழுதேன்.

ஆபரேஷன் தேதி ஒரு வெள்ளிக்கிழமை காலை என்று ஆனது. போனில் அவரிடம் சொன்னேன். சரி என்றார். அன்று வீட்டுக்கு வந்ததும் ட்ரோனுக்குப் புது லென்ஸ் வந்திருப்பதைப் பற்றிச் சொன்னார். நான் ஒன்றுதான் கேட்டேன். அந்தக் காலை மட்டும் என் பக்கத்தில் இருங்கள், வேறு எதுவும் வேண்டாம் என்றேன். தலையை ஆட்டினார்.

அடுத்த வாரம் ஒரு மாலை அவர் கோயிலிலிருந்து வந்தபோது இடுப்பில் மஞ்சள் வேட்டி, வலது மணிக்கட்டில் மஞ்சள் துண்டு கோத்த காப்பு. எங்கள் ஊர் திரௌபதியம்மன் கோயில் தீமிதிக்குக் கட்டிக்கொண்டிருக்கிறார். அதுவும் அதே வெள்ளிக்கிழமை. காலையில் துரியோதனனை வீழ்த்துகிற படுகளம், சாயங்காலம் தீமிதி. காப்பு கட்டியவர் தீ மிதித்து அதை அவிழ்க்கிற வரைக்கும் ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. எங்கள் பக்கத்தில் இது கைக்குழந்தைக்கும் தெரியும்.

"உனுக்காகத்தான் கட்டிக்கினேன். ஆத்தா உன்ன பாத்துக்குவா" என்றார்.

இந்த மனிதர் தீ மிதித்ததே இல்லை. வாழ்க்கையில் அவர் செய்யாத சில காரியங்களில் அது ஒன்று. பயம் வரும்போதெல்லாம் புதுசாக எதையாவது வாங்கி வருவார்; இந்தத் தடவை சாமியையே வாங்கி வந்துவிட்டார் என்று தோன்றியது. யாரிடம் போய்ச் சொல்வது? தெருவில் பெண்கள் என்னைப் பிடித்து நிறுத்தி, பெண்டாட்டிக்காகத் தீயில இறங்கப் போறாரே, நீ கொடுத்து வச்சவ என்றார்கள். நான் சிரித்துவைத்தேன். சாமி காரியத்தைக் குறை சொல்ல எனக்கும் பயம். அதுதான் என்னை அதிகம் எரிச்சல்படுத்தியது. தப்பித்து ஓடுகிறவர் கேள்வி கேட்க முடியாத இடமாகப் பார்த்து ஓடியிருக்கிறார்.

புதன்கிழமை நான் ஆஸ்பத்திரியில் சேரக் கிளம்பினேன். பையைத் தூக்கிக்கொண்டு எல்லைக் கல் வரைக்கும் வந்தார். ஏரிக்கரை திரும்பி மெயின் ரோட்டைத் தொடும் இடத்தில் மஞ்சள் பூசி நிறுத்தியிருக்கும் கல் அது. கல்லுக்கு அந்தப் பக்கம் ஷேர் ஆட்டோ நின்றது. கல்லுக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு பையை என்னிடம் நீட்டினார். இத்தோடு பார்டர், எனக்கு விசா இல்லை, நீ போய்ட்டு வா என்றார். ஆட்டோக்காரர் சிரித்துவிட்டார். நான் பையை வாங்கிக்கொண்டு ஏறினேன். திரும்பிப் பார்க்கவில்லை.

வார்டில் இருந்த அன்றும் மறுநாளும் வீடியோ காலில்தான் குடும்பம் நடத்தினேன். கோயிலில் பாரதம் படிக்கிறவரைக் காட்டுவார். தீக்குழி வெட்டுவதைக் காட்டுவார். வண்டி வண்டியாக வந்து இறங்கும் விறகைக் காட்டுவார். மண்ணால் செய்து படுக்கவைத்திருக்கும் துரியோதனனின் மீசையை நெருக்கத்தில் காட்டி, இது யார் மாதிரி இருக்கிறது சொல் என்று கேட்பார். அது எங்கள் ஹெட்மாஸ்டர் மாதிரிதான் இருந்தது. பக்கத்துப் படுக்கைக்காரம்மா சிரித்தாள், நர்சும் சிரித்தாள். இப்படி ஒரு மனுஷன் கூட இருந்தா நோயே தெரியாது என்றாள். கூட இல்லையே என்று நான் சொல்லவில்லை.

வியாழன் சாயங்காலம் போன் வரவில்லை. நான் போட்டேன், அணைத்து வைத்திருந்தார். அக்கா, கோயில் கூட்டத்தில் சார்ஜ் போயிருக்கும் என்றாள். எனக்குப் புரிந்துவிட்டது போலிருந்தது. காலையில் நடக்கப்போவது பக்கத்தில் வந்துவிட்டது. இனிமேல் வேடிக்கை காட்ட அவரால் ஆகாது, அதனால் போனையும் மூடிக்கொண்டார். அப்போதுதான் நிஜமாகவே பயந்தேன். கட்டிக்குப் பயந்ததைவிட அதிகமாகப் பயந்தேன். குரல் போய்விட்டால், கட்டி கெட்டதாக இருந்துவிட்டால், இந்த மனிதர் என்னைக் கூண்டு மாதிரி மாடியில் வைத்துவிட்டு அடுத்ததற்குப் போய்விடுவாரோ என்று நினைத்தேன். கட்டின புருஷனைப் பற்றி அப்படி நினைக்கக் கூடாதுதான். நினைத்தேன்.

வெள்ளிக்கிழமை காலை பச்சை கவுனை மாட்டிவிட்டு, தாலியைக் கழற்றி அக்கா கையில் கொடுக்கச் சொன்னார்கள். அவள் அதை முந்தானையில் முடிந்துகொண்டிருந்தபோது வார்டு வாசலில் மஞ்சள் வேட்டி தெரிந்தது. தாடி முளைத்த முகம், வியர்வை. உள்ளே வராமல் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

அக்காவின் கண் நேராக அவர் மணிக்கட்டுக்குப் போனது. அங்கே ஒன்றும் இல்லை. "தம்பி, காப்பு எங்க?" என்றாள். அவள் முகம் வெளுத்துவிட்டது. இத்தனை நாளாக இவர் வரவில்லையே என்று குமுறிக்கொண்டிருந்த நானும் அந்த வெறும் மணிக்கட்டையே பார்த்தேன். கட்டின காப்பைப் பாதியில் அறுத்துவிட்டு வந்திருக்கிறார். அதுவும் நான் கத்திக்குக் கழுத்தை நீட்டப்போகும் நேரத்தில். வந்ததற்குச் சந்தோஷப்படவா, ஏன் வந்தீர்கள் என்று கேட்கவா?

காப்பை அவிழ்த்துவிடச் சொல்லிப் பூசாரியிடம் கேட்டாராம். முடியாது, ஏதாவது ஆனால் நான் பொறுப்பில்லை என்று பூசாரி சொல்லிவிட்டாராம். ராத்திரி பூராவும் தூங்காமல் இருந்துவிட்டு, விடிந்ததும் எல்லைக் கல்லுக்குப் போயிருக்கிறார்.

"கல்லுல கட்டிட்டு வந்துட்டேன். காப்பு எல்லையத் தாண்டல, நான்தான் தாண்டனேன்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பயமும் சிரிப்பும் ஒன்றாக வந்து, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். அக்கா தலையில் அடித்துக்கொண்டு, மாரியாத்தா, திரௌபதியம்மா, ஒருத்தரையும் விடாமல் முணுமுணுத்தபடி வெளியே போனாள்.

அவர் வந்து ஸ்டூலில் உட்கார்ந்தார். கால் ஆடிக்கொண்டிருந்தது. கண் சன்னலுக்குப் போனது, ஆக்சிஜன் குழாய்க்குப் போனது, பக்கத்துப் படுக்கைக்குப் போனது. எதையாவது சொல்லி வேடிக்கையாக்கத் தேடுகிறார் என்று எனக்குத் தெரியும். ஒன்றும் கிடைக்கவில்லை போல. கடைசியில் தரையைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

"சும்மா உக்காந்தா அது வந்துடுது. அதான் நான் உக்கார்றதில்ல."

எது என்று கேட்டேன்.

"கொழந்த. நான்தான தூக்கிக்கினு போனேன், ஆட்டோவுல, மடியில வச்சிக்கினு. மூஞ்ச மூடித்தான் குடுத்தாங்க. விக்கிரவாண்டிகிட்ட காத்துல துணி வெலகிடிச்சி."

அவ்வளவுதான் சொன்னார். ஏரிக்கரையில் புதைத்துவிட்டு நேரே திண்டிவனத்துக்குப் போய்க் கண்ணில் பட்ட முதல் கடையில் நுழைந்திருக்கிறார். அது மீன் விற்கிற கடையாக இருந்திருக்கிறது.

எனக்குக் கோபம் வந்தது, அதை மறைக்க விரும்பவில்லை. இத்தனை வருஷம் என் பிள்ளையின் முகத்தை இவர் ஒருத்தரே தனியாக வைத்துக்கொண்டிருந்திருக்கிறார். எனக்கு அது இல்லை என்று நான் அழுதேன். தனக்கு அது இருக்கிறது என்று இவர் ஊர் ஊராக ஓடியிருக்கிறார். வெளியே ஸ்ட்ரெச்சர் உருண்டு வரும் சத்தம் கேட்டது. கேட்பதாக இருந்தால் இப்போதே கேட்க வேண்டும். திரும்பி வரும்போது குரல் இருக்குமோ என்னவோ.

"யாரு மாதிரி இருந்திச்சி?"

அவர் வாயைத் திறந்தார். ஜோக் வருவதற்கு முன்னால் அவர் உதடு ஒரு பக்கம் கோணும், எனக்குத் தெரியும். கோணியது. பிறகு நேரானது.

"உன்ன மாதிரி. காது மட்டும் என்னுது."

ஸ்ட்ரெச்சரில் படுத்தபோது அவர் கையைப் பிடித்து, நான் வருகிற வரைக்கும் இங்கேயே இருப்பீர்களா என்று கேட்டேன். வழக்கமாக இருந்தால் சத்தியம் பண்ணியிருப்பார். தெரியவில்லை, இருக்கப் பார்க்கிறேன் என்றார். அவர் எனக்குக் கொடுத்த வாக்குகளிலேயே நான் நம்பியது அந்த ஒன்றைத்தான்.

கண் திறந்தபோது கழுத்தில் கட்டு. டாக்டர் ஏதாவது சொல்லச் சொன்னார். வாயசைத்தேன், காற்றுதான் வந்தது. வீக்கம் வற்றட்டும், சில வாரம் பார்க்கலாம், இப்போதைக்குப் பேச வேண்டாம் என்றார். கட்டியைப் பரிசோதனைக்கு அனுப்பியிருந்தார்கள். எதற்கும் பதில் இல்லாத ஒரு மத்தியானம் அது.

ஸ்டூலில் அவர் இருந்தார். மஞ்சள் வேட்டி கசங்கியிருந்தது. கால் ஆடிக்கொண்டேதான் இருந்தது. வெயில் தாழ்ந்தபோது அவர் போன் விடாமல் அதிர ஆரம்பித்தது. ஊரில் தீக்குழியில் இறங்க ஆரம்பித்திருப்பார்கள். வீடியோ வீடியோவாக அனுப்பிக்கொண்டிருப்பார்கள். கையில் எடுத்தார், பார்த்தார், கவிழ்த்து வைத்தார். கொஞ்சம் கழித்து மறுபடியும் எடுத்தார், மறுபடியும் கவிழ்த்து வைத்தார். அவர் நெற்றியில் வியர்த்திருந்தது. தீ மிதிப்பது இதைவிடச் சுலபமாக இருந்திருக்கும்.

பிறகு சட்டென்று எழுந்து, டீ குடித்துவிட்டு வருகிறேன் என்று வெளியே போனார். அந்த முதுகை எனக்குத் தெரியும். வண்டிக்குப் பல்பு வாங்கப் போய்ப் புது வண்டியோடு வந்த முதுகு, பால் வாங்கப் போய் பாண்டிச்சேரி வரை போன முதுகு. கூப்பிட எனக்குக் குரல் இல்லை. அக்கா தூங்கிப்போயிருந்தாள். நான் வாசலையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன்.

அவர் டீயைக் குடிக்கவில்லை. பேப்பர் கப்போடு திரும்பி வந்து, ஸ்டூலை இன்னும் கொஞ்சம் கிட்டே இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.