ஓரகத்தியின் தேதி

எனக்கு எழுத்து ஓடாது. எஸ்டேட் பள்ளிக்கூடத்தில் நாலாம் வகுப்பு வரைக்கும்தான் இருந்தேன். அதற்குப் பிறகு கையில் பிடித்ததெல்லாம் தேயிலைக் கொழுந்துக் கூடைதான். எந்த எழுத்துக்குக் கொம்பு, எதற்குச் சுழி என்று இப்போதும் நின்று யோசிப்பேன். மறதியும் சேர்ந்துகொண்டது. நடந்த வருஷம் எழுபத்தெட்டா ஒன்பதா என்று கேட்டால் சொல்லத் தெரியாது. மாசங்கள் மட்டும் மறக்கவில்லை. கோணல்மாணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்போது நாங்கள் சூரியநெல்லிக்கு மேலே ஒரு லயத்தில் இருந்தோம். ஒரே கூரைக்குக் கீழே ஆறு வீடு. எங்கள் வீட்டுக்கு அடுத்த வீட்டில் என் கொழுந்தனும் அவன் பெண்டாட்டியும். எனக்கு அவள் ஓரகத்தி. என்னைவிட நாலு வயது இளையவள். நடுவில் ஒரு சுவர்தான். அவள் இருமினால் இங்கே கேட்கும். நான் அடுப்பூதினால் அங்கே புகையும்.

எனக்கும் அவளுக்கும் ஒரே வருஷத்தில் முதல் பிள்ளை பிறந்தது. எனக்குப் பெண். அவளுக்குப் பையன். என் பிள்ளைக்குக் கண் கொஞ்சம் மேலே சரிந்திருக்கும். உடம்பு துணி மாதிரி துவளும். உள்ளங்கையில் குறுக்கே ஒரே ரேகை. எஸ்டேட் ஆஸ்பத்திரி டாக்டர் அந்தக் கையை விரித்துப் பார்த்துவிட்டு மங்கோல் பிள்ளை என்றார். அந்தக் காலத்தில் அப்படித்தான் சொல்வார்கள். இப்போது டவுண் சின்ட்ரோம் என்கிறார்கள். மெதுவாகத்தான் வளரும், கூடப் பிறந்த குறை, மருந்து கிடையாது என்று சொன்னார். நான் தலையை ஆட்டிவிட்டு வந்தேன். எதையும் திருப்பிக் கேட்க எனக்கு வாய் வராது.

அன்றிலிருந்து என் கண் அடுத்த வீட்டிலேயே இருந்தது. அவள் பையன் தவழ்ந்தான், நின்றான், பத்தாம் மாசம் நடந்தான். ஒவ்வொன்றும் சுவருக்கு அந்தப் பக்கம் சிரிப்பாகக் கேட்கும். என் பிள்ளை மூன்று வயதில் நடந்தாள். அன்றைக்கு நானும் சிரித்தேன். ஆனால் அவர்களுக்குக் கேட்க வேண்டும் என்று சத்தமாகச் சிரித்தேன்.

அவள் என்னிடம் ஒரு நாளும் பெருமை காட்டியதில்லை. அது எனக்கு இன்னும் எரிந்தது. என் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டுதான் தண்ணீர் பிடிக்கப் போவாள். "எங்க ராசாத்தி, சின்னம்மைக்கு ஒரு முத்தம் குடு" என்பாள். என் பிள்ளை சளி வடிய அவள் கன்னத்தில் அப்பிவிடும். அவள் துடைக்கக்கூட மாட்டாள். நான் உள்ளே நின்று பார்ப்பேன். நல்ல பிள்ளையைப் பெற்றவளுக்கு என் பிள்ளையும் எதற்கு என்று தோன்றும்.

பிள்ளைகளுக்கு அஞ்சு வயது நடக்கும்போது இரண்டு பேருக்கும் மறுபடி தூரம் நின்றது. யார் யாரிடம் முதலில் சொன்னது என்றால், அவள்தான். கொழுந்து எடுக்கும்போது பக்கத்து நிரையிலிருந்து எட்டிப் பார்த்துச் சொன்னாள்.

"யக்கா, நான் முழுகாம இருக்கேன்."

"அப்படியா, நல்லது."

"நீங்க?"

"எனக்கு என்னட்டி, ஒண்ணும் இல்ல."

எனக்கு அப்போது மூன்று மாசம் முடிகிற சமயம். எங்கள் பக்கத்துப் பெண்கள் மாசத்தை உள்ளபடி சொல்ல மாட்டார்கள். வயிறு தெரியும் வரை மறைப்பார்கள். தெரிந்த பிறகும் கேட்டால் ஒன்று குறைத்துச் சொல்வார்கள். கண் பட்டுவிடும் என்று. முதல் பிள்ளைக்கு நான் யாரிடமும் மறைக்கவில்லை. அதனால்தான் அப்படிப் பிறந்தது என்று மனசுக்குள் ஒன்று குடைந்துகொண்டே இருந்தது. யார் கண் என்று கேட்டால் எனக்குச் சுவருக்கு அந்தப் பக்கம்தான் தோன்றும். அவளுக்கு என்மேல் பொறாமைப்பட என்ன இருந்தது என்று அப்போது யோசிக்கவில்லை.

பொங்கல் கழிந்து இரண்டு நாளில் ஆஸ்பத்திரியில் பிள்ளைத்தாய்ச்சிகளைப் பார்க்கிற முறை வந்தது. மறைத்தது போதும் என்று வீட்டுக்காரர் சொல்லி அனுப்பினார். அவளும் வந்தாள். என் பிள்ளையை அவள்தான் தூக்கி வந்தாள். எஸ்டேட்டுக்குப் புதிதாக வந்திருந்த மலையாளி டாக்டர், சின்ன வயது. ஒரே மேசைக்கு எங்கள் இரண்டு பேரையும் கூப்பிட்டார்கள்.

முதலில் அவளைக் கேட்டார், கடைசியாகத் தூரமாகித் தலைக்கு ஊற்றிக்கொண்டது எப்போது என்று. அவள் தெளிவாகச் சொன்னாள்.

"ஐப்பசி கடைசி வெள்ளிக்கிழமை சார். எங்க ஊட்டுல அன்னிக்குத்தான் கோழி அடிச்சது."

சிஸ்டர் சிரித்துக்கொண்டே எழுதிக்கொண்டார். பிறகு என்னைப் பார்த்தார்கள். எனக்கு அது புரட்டாசி கடைசி. நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அவள் என் பிள்ளையை வைத்துக்கொண்டு என் பக்கத்தில் நின்று, என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எனக்கும் அதேதான்" என்றேன்.

"ரெண்டு பேரும் ஒண்ணாவா?" என்றார் சிஸ்டர்.

"எனக்கே இப்பத்தான் தெரியுது" என்று என் ஓரகத்தி என் தோளில் இடித்தாள். "அமுக்குணி யக்கா நீங்க."

அதோடு முடிந்திருந்தால் ஒன்றும் இல்லை. டாக்டர் என் பிள்ளையைப் பார்த்தார். அதன் கையை வாங்கி விரித்துப் பார்த்தார். ஓரகத்தியைப் பிள்ளையோடு வெளியே இருக்கச் சொல்லிவிட்டு என்னிடம் மெதுவாகப் பேசினார்.

"பேடிக்க வேண்டா, பயப்படாதீங்க. அடுத்ததும் இதுபோல வரும்னு இல்லை. வராதுன்னும் சொல்ல முடியாது. இப்போ மதராஸில ஒரு பரிசோதனை தொடங்கியிருக்கு. வயித்துல ஊசி போட்டு, குட்டி கிடக்கிற தண்ணி கொஞ்சம் எடுத்துப் பாப்பாங்க. எனக்குப் பாடம் எடுத்த அம்மா அங்க உண்டு. நான் கடிதம் போட்டுக் கேக்கிறேன், முதல் பிள்ளை இப்படி இருந்தா சேர்த்துக்குவாங்க."

"தெரிஞ்சா என்ன சார் செய்யணும்?" இதை நான்தான் கேட்டேன். என் வாயிலிருந்து வந்தது எனக்கே ஆச்சரியம்.

"வேண்டாம்னா கலைச்சு, வேண்டாம்னு வைக்கலாம். வேணும்னா பெத்துக்கலாம். அதை நீங்களும் அவரும்தான் தீர்மானிக்கணும். ஆனா நாலு மாசம் ஆகும்போது போகணும். முன்னாலும் கூடாது, பின்னாலும் கூடாது. பதில் வரவே மூணு நாலு வாரம் ஆகும்."

விரலை மடக்கி எண்ணி, மாசி மூணாவது வாரம் என்று ஒரு சீட்டில் எழுதினார். ஓரகத்தியின் தேதியிலிருந்து எண்ணினார். என் தேதியிலிருந்து எண்ணினால் இன்னும் இரண்டு வாரத்திலேயே போக வேண்டும். சார், தப்பாகச் சொல்லிவிட்டேன் என்று ஒரு வார்த்தை போதும். வெளியே அவள் என் பிள்ளைக்கு விளையாட்டுக் காட்டுகிற சத்தம் கேட்டது. நான் சீட்டை வாங்கி முந்தியில் முடிந்துகொண்டேன்.

வீட்டில் சொன்னபோது அவர் ரொம்ப நேரம் பீடியைப் பற்ற வைக்காமல் கையிலேயே வைத்திருந்தார்.

"போயிருவோம் புள்ள. நாம ரெண்டு பேரும் போன பொறவு இவள யாரு பாப்பா? இன்னொண்ணும் இப்படியின்னா ரெண்டையும் யாரு பாப்பா?"

"சரி."

"சரின்னா போலாமா?"

"தெரியலியே."

எனக்கு உண்மையிலேயே தெரியவில்லை. ஊசி போட்டால் பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று ஒரு பயம். அப்படித்தான் என்று பதில் வந்தால் என்ன சொல்வேன் என்று ஒரு பயம். வேண்டாம் என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து என் மூத்தவள் முகத்தை எப்படிப் பார்ப்பது. இதற்கெல்லாம் நடுவில், இன்னும் ஒரு மாசம் இருக்கிறது, யோசிக்கலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சொன்ன பொய்யை நானே நம்பினேன். இல்லை, நம்பவில்லை. இரண்டுமாக இருந்தேன். வயிற்றைச் சேலையால் இறுக்கிக் கட்டிக்கொண்டு வேலைக்குப் போனேன்.

ஓரகத்திக்கும் விஷயம் தெரிந்தது. சுவர்தானே.

"போயிட்டு வாங்கக்கா. பாப்பாவ நான் பாத்துக்கிடுதேன். எனக்கும் குத்தணும்னு சொன்னா நல்லாருக்கும், மதராஸ் பாக்கலாம்ல."

அவள் சிரிப்புக்குச் சொன்னாள். அவளுக்கு வயிறு என்றால் பிள்ளை வளர்கிற இடம், அவ்வளவுதான். அதைத் தடவிக்கொண்டு பூசணிக்காய் மாதிரி உட்கார்ந்திருக்கலாம். யாரும் அவளை எதையும் தீர்மானிக்கச் சொல்லவில்லை.

போகலாம் என்று நான் சொன்னது அதற்குப் பிறகு ஒரு சாயந்தரம். கொழுந்து நிறுக்கிற இடத்துக்கு அவள் பையன் ஓடி வந்தான். "எம்மா, இன்னைக்கு எத்தன கிலோ?" என்று கேட்டு, கங்காணி சொன்ன எண்ணை அப்படியே திருப்பிச் சொன்னான். "இவனுக்கே பேரேட்டைக் குடுத்துரலாம் போலிருக்கே" என்று கங்காணி சொல்ல, எல்லாரும் சிரித்தார்கள். என் பிள்ளை அவன் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டு, என்னவென்று தெரியாமல், எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தாள். நான் வீட்டுக்கு வந்து "நாம போவோம்" என்றேன். யோசித்துச் சொன்னதல்ல. எரிச்சலில் சொன்னது.

மாசியில் போனோம். ஜீப்பில் மலையிறங்கி, போடி பஸ் பிடித்து, மதுரையில் ரயில் ஏறினோம். சீட்டு அவர் சட்டைப் பையில் இருந்தது. மதராஸ் பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா நரைத்த தலை, நல்ல மாதிரி. என்னைப் படுக்க வைத்து வயிற்றில் கை வைத்தார். சீட்டைப் பார்த்தார். மறுபடி கை வைத்தார்.

"ஏம்மா, இது நாலு மாசமா? அஞ்சு ஆயிடுச்சே. தொப்புள் வரைக்கும் வந்துட்டுதே. தேதி சரியாத்தான் சொன்னியா?"

நான் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இனிமே தண்ணி எடுத்தாலும் பதில் வரும்போது ஆறு மாசம் ஆயிடும், எதுவும் செய்ய முடியாதும்மா. தெரிஞ்சுக்க மட்டும் ஊசி போட எனக்கு மனசில்லை. பிள்ளைக்கும் கொஞ்சம் ஆபத்து உண்டு." சீட்டைத் திருப்பிப் பார்த்து, "யார் தேதி அது?" என்றார்.

சேலையைச் சரிசெய்துகொண்டு எழுந்தேன். அது இன்னொருத்தியுடையது என்று அவருக்கு எப்படித் தோன்றியதோ. என் கண்ணில் தண்ணீர் வந்ததைப் பார்த்து அதற்கு மேல் கேட்கவில்லை. வெளியே வீட்டுக்காரர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். "என்ன சொன்னாங்க?" என்றார். "வேண்டியதில்லையாம். நல்லா இருக்காம்" என்றேன். அது இரண்டாவது பொய். அவர் இருந்தவரைக்கும் அதை நான் திருத்தவில்லை.

அஞ்சு நாள் கழித்து லயத்துக்கு வந்து சேர்ந்தபோது ஓரகத்தி வாசலில் நின்றாள், என் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு. நான் இரண்டு கையையும் நீட்டினேன். பிள்ளை என்னைப் பார்த்துவிட்டு அவள் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டது.

"அம்மை வந்துட்டாங்கட்டி, போ" என்று அவள் முதுகில் தட்டினாள். அது போகவில்லை.

"இருக்கட்டும்" என்று உள்ளே போய்விட்டேன். பையை வைத்துவிட்டு அடுப்படியில் உட்கார்ந்து அழுதேன். இவளைப் போல இன்னொன்று வேண்டாம் என்று சொல்லப் போனவள்தான் நான். இவள் என்னிடம் வரவில்லை என்று அப்படி அழுதேன். ஓரகத்திமேல் அன்றைக்குப் பட்ட பொறாமை, பையன் நடந்தபோதும் பட்டதில்லை, பேசியபோதும் பட்டதில்லை.

பிறகு இருந்த மாசங்களைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை. அவள் வயிறு வளர்ந்தது, அவள் தூங்கினாள். என் வயிறும் வளர்ந்தது. நான் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தேன்.

ஆடி பிறந்து மூன்றாம் நாள் எனக்கு வலி கண்டது. ஆஸ்பத்திரிப் புத்தகப்படி ஒரு மாசம் முந்தி. சிஸ்டர் பதறினார்கள். பையன் பிறந்தான். நான் முகத்தைப் பார்க்கவில்லை. மூடியிருந்த கையைப் பிரித்துப் பார்த்தேன். இரண்டு ரேகை. இன்னொரு கை. அதிலும் இரண்டு.

மறுநாள் ஓரகத்தி தன் வயிற்றைத் தள்ளிக்கொண்டு வந்தாள். பிள்ளையைக் கையில் வாங்கி, விரலைப் பார்த்தாள், முடியைப் பார்த்தாள். யாரும் பக்கத்தில் இல்லை.

"யக்கா, இது முந்திப் பெறந்த பிள்ளையா? நகம் வளந்து கெடக்கு."

நான் போர்வையை இழுத்து விட்டுக்கொண்டேன்.

"என் தேதியவா களவாண்டீங்க?" என்றாள். மெதுவாகத்தான் கேட்டாள். "கேட்டிருந்தா நானே குடுத்திருப்பேனே." பிள்ளையை என் பக்கத்தில் படுக்க வைத்துவிட்டு, வெந்நீர் இருக்கிறதா என்று பார்க்கப் போனாள். அதற்குப் பிறகு அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை, என்னிடம்கூட. சுவருக்கு அந்தப் பக்கம் அந்தப் பேச்சு ஒரு நாளும் கேட்டதில்லை. இப்படி ஒன்றை மனசில் வைத்துக்கொண்டு முகம் மாறாமல் இருக்க அவளால் முடிந்தது. அதற்கும் அவள்மேல் எனக்குப் பொறாமைதான்.

அவளுக்கு ஆவணியில் பெண் பிறந்தது. சொன்ன தேதிக்குச் சரியாக.

என் மூத்தவள் இன்னும் என்னோடுதான் இருக்கிறாள். நான் எழுதுவதைப் பார்த்து அவளும் ஒரு தாளில் கோடு போட்டுக்கொண்டிருக்கிறாள். பையன் திருப்பூரில் இருக்கிறான். நான் எந்த மனசோடு அன்றைக்குத் திருத்திச் சொல்லாமல் இருந்தேன் என்று இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை. கண்ணுக்குப் பயந்தா, வெட்கப்பட்டா, இல்லை, பிள்ளை வேண்டுமா வேண்டாமா என்ற கேள்விக்குப் பதில் சொல்லாமல் தப்பிக்கவா.

கணக்குத் தெரிந்தவர்கள் யாராவது இதைப் படித்தால் ஒன்று பார்த்துச் சொல்ல வேண்டும். புரட்டாசி கடைசியில் தலைக்கு ஊற்றிக்கொண்டவள், தை பிறந்து நாலைந்து நாளில் உண்மையைச் சொல்லியிருந்தால், கடிதம் போய் வந்து, ரயிலில் போய்ச் சேர்ந்து, பதிலும் வாங்குவதற்கு நாள் இருந்திருக்குமா. அந்த ஊசி அந்த வருஷத்தில் உண்டா என்பதையும் விசாரியுங்கள், எனக்கு வருஷம் தடுமாறுகிறது. தப்பு இருந்தால் திருத்திவிடுங்கள். ஐப்பசி கடைசி வெள்ளியை மட்டும் தொட வேண்டாம். அது அவளுடையது, அது சரிதான். என்னுடையதைப் பாருங்கள்.