என் பொட்டு வைத்த போர்ட்

கும்மிடிப்பூண்டி கம்பெனியில் டிஸ்பாட்ச் பில் போடுவது என் வேலை. ஒருநாள் காலையில் கேட்டில் லாரிகள் வரிசை கட்டி நிற்கும்போது என் கம்ப்யூட்டரில் நெட் போய்விட்டது. ரீஸ்டார்ட் செய்தேன். கேபிளைக் கழற்றி ஊதி மாட்டினேன். பின்பக்க விளக்கு எரியவே இல்லை.

எலி கடித்திருக்குமோ என்று மேஜைகளுக்கு அடியில் ஒயரைத் தடவிக்கொண்டே போனேன். தினமும் என் டப்பாவில் பாதியைச் சாப்பிடும் பக்கத்து சீட்டுக்காரன் போன் டார்ச்சைப் பிடித்தபடி கூடவே வந்தான்.

"உன் சிஸ்டமே பேஜாருப்பா," என்றான். மேனேஜரிடமும் அதையே சொன்னான்.

எல்லா நெட் ஒயரும் போய்ச் சேரும் சுவிட்ச் பெட்டி பீரோ மேல் இருந்தது. அங்கே போனதும், "சார்ஜ் இல்லப்பா," என்று டார்ச்சை அணைத்தான்.

நாற்காலி போட்டு ஏறி, என் போன் டார்ச்சை அடித்துப் பார்த்தேன். என் ஒயர் அந்தரத்தில் தொங்கியது. ஆயுத பூஜைக்கு, பெட்டியில் அவனவன் ஒயர் சொருகும் போர்ட்டுக்கு அவனவன் பொட்டு வைப்பது எங்கள் ஆபீஸ் வழக்கம். நான் குங்குமம் வைத்த போர்ட்டில் பக்கத்து சீட்டுக்காரனுடைய ஒயர் சொருகியிருந்தது.

"என் போர்ட்ல காலைலேர்ந்து நெட் வரல. இன்னா பண்ண சொல்ற?" என்றான்.

மதியம், சார்ஜ் இல்லை என்ற அதே போனில், சாப்பாட்டு நேரம் முழுக்க, சிரித்துச் சிரித்து வீடியோ பார்த்தான். நான் டப்பாவைத் திறக்கவே இல்லை.