கை தூக்கும் வரை

அக்கா மகன் பைக்கிலிருந்து விழுந்த வீடியோவை நான் முதலில் பார்த்தது கருங்கல் சந்தையில். மீன் வாங்கிக்கொண்டிருந்தேன். பக்கத்துக் கடைக்காரர் செல்போனை நீட்டி, "இது உங்க மருமவன்தானே? பய கொள்ளாம், கேட்டியளா" என்று மெச்சினார். அப்போது அவன் நாகர்கோவில் ஆஸ்பத்திரியில் கிடந்தான்.

இடம், ஆரல்வாய்மொழிக்கு வெளியே காற்றாலைக் காற்றாடிகளுக்கு நடுவிலுள்ள பழைய கல்குவாரி. பைக் சாகச வீடியோ எடுக்கும் அவனுடைய கூட்டாளிகள் மண்ணைக் குவித்து மேடு கட்டியிருக்கிறார்கள். பைக் அதில் ஏறித் தாவுகிறது. ஆடிக் காற்று பக்கவாட்டில் அடிக்க, முன்சக்கரம் திரும்பிவிடுகிறது. ஆடியில் அங்கே வேட்டியைப் பிடித்துக்கொண்டுதான் நிற்க முடியும். பார்த்துப் பார்த்து அந்த மாதத்தைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். காற்றாடிகள் வேகமாகச் சுற்றினால் பின்னணி எடுப்பாக இருக்குமாம்.

விழுந்தவன் கிடக்கிறான். கேமரா ஓடிக்கொண்டே இருக்கிறது. யாரும் கிட்டே போகவில்லை. ஒருவன் சிரிப்பது கேட்கிறது.

அவர்களுக்குள் ஒரு விதி உண்டு. விழுந்தவன் தானே கையைத் தூக்கிக் காட்டும் வரை ஒருவரும் அருகில் போகக் கூடாது. ரசிகர்கள் காத்திருப்பது தாவலுக்காக அல்ல, அந்தக் கைக்காக. என் மருமகனுடைய உயர்த்திய கையை ஸ்டிக்கராக அடித்து, ஊர் ஊராகப் பைக்குகளில் ஒட்டியிருந்தார்கள்; டீ-ஷர்ட்டிலும் போட்டிருந்தார்கள்.

அன்று அவனுடைய வலது தோளில் நரம்புகள் அறுந்துபோயிருந்தன. இடது கை பைக்குக்கு அடியில் மாட்டியிருந்தது.

வீடியோ எடுத்தவன் கல்யாண வீடியோக்காரன். ஆஸ்பத்திரி வராந்தாவில் அவனைப் பிடித்துக் கேட்டேன்.

"அவன் கைய தூக்கல்லல்லா மாமா. பின்ன எப்படிப் போவோம்?"

"தூக்க முடியாமல்லா கெடந்தான்."

"எங்களுக்கு எப்படித் தெரியும்? போன தடவ ஓடிப்போய் தூக்குனதுக்கு, ஷாட்ட கெடுத்துட்டியளேலன்னு அவனே ஏசினான்."

உடனே ஓடிப்போய் அவனைத் தூக்கியிருந்தாலும் கை பிழைத்திருக்காது என்று டாக்டர் சொன்னார். செய்தித்தாளில் வேலை பார்த்தவன் நான். அதையும் எழுதியாக வேண்டும். அதனால் என் கோபம் குறைந்துவிடவில்லை.

வளைகுடாவில் வெல்டர் வேலைக்குத் திரும்பிப் போக இருந்தவன், இப்போது வலது கையை ஒரு துணியில் தொங்கவிட்டுக்கொண்டு நடக்கிறான். நான் அவனிடம் கேட்டது ஒன்றே ஒன்று. இனி இந்த விதி வேண்டாம் என்று நீயே வீடியோவில் சொல். நீ சொன்னால்தான் கேட்பார்கள். அடுத்தவனையாவது நேரத்துக்குப் போய்த் தூக்கலாம்.

"பாப்போம் மாமா" என்றான்.

அடுத்த படப்பிடிப்புக்கு என் காரில்தான் வந்தான். சொல்லத்தான் வருகிறான் என்று நினைத்தேன். குவாரியில் அவனுக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டிருந்தார்கள். வந்திருந்தவர்களின் டீ-ஷர்ட்டில் உயர்த்திய கையைக் காணோம். அதற்குப் பதில் துணியில் தொங்கும் கை. உணர்ச்சியில்லாத அந்தக் கையைத் தொட்டுக்கொண்டு வரிசையாக செல்ஃபி எடுத்தார்கள். அவன் ஒவ்வொருவனுக்கும் சிரித்துக் கொடுத்தான். விதியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

மூன்றாவதாகத் தாவியவன் விழுந்தான். இரண்டு பேர் ஓட எழுந்தார்கள்.

"நில்லுங்கலே" என்றான் என் மருமகன், நாற்காலியிலிருந்தபடியே. "கை தூக்கட்டு."

நின்றுவிட்டார்கள். நான் நடந்தேன்.

"மாமா, ஃபிரேமுக்குள்ள போறிய!" என்று வீடியோக்காரன் கத்தினான். நான் திரும்பவில்லை. கிட்டே போனதும் விழுந்தவன் ஹெல்மெட்டைக் கழற்றினான். சின்னச் சிராய்ப்புகூட இல்லை.

"இப்பம் தூக்கப்போனேம்லா. சவம், ஷாட்டு போச்சு."

அவன் எழுந்து வண்டியை நிமிர்த்தும் வரை கேமராவுக்கு முன்னால் அப்படியே நின்றேன்.

காரில் ஏறியதும் மருமகன் இடது கையால் சீட் பெல்ட்டோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான். குனிந்து மாட்டிவிட்டேன். தோவாளையைத் தாண்டினோம். பிறகு ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னான்:

"அடுத்த தடவ நான் பஸ்ல வந்துக்கிடுதேன் மாமா."