கோட்டக்கா வாயில் ஏழு ஊசி

ஏழு குண்டூசிகள் இரண்டு உதடுகளுக்கு நடுவே வரிசையாக நிற்கின்றன. எட்டாவது, வேதியியல் மாணவன் ஒருவனின் கோட்டு விளிம்பில் இறங்கிக்கொண்டிருக்கிறது.

"ம்ம்ம்" என்கிறார் கோட்டக்கா.

மாணவன் விழிக்கிறான். பெஞ்சில் காத்திருக்கும் சீனியர் மாணவி மொழிபெயர்க்கிறாள். "திரும்பி நிக்கச் சொல்றாங்க. குட்டையா 'ம்'னா சரின்னு அர்த்தம். 'ம்-ம்'னு வெட்டிச் சொன்னா அசையாதேன்னு அர்த்தம். அசைஞ்சா குத்தும்."

"அவங்க பேசவே மாட்டாங்களா?"

"ஊசிய எடுத்துட்டுப் பேசினாங்கன்னா, நீ ஏதோ தப்புப் பண்ணிட்டேன்னு அர்த்தம்."

உண்மைதான். சாப்பிட, தூங்க, திட்ட, இந்த மூன்றுக்கு மட்டும்தான் கோட்டக்காவின் வாயிலிருந்து ஊசிகள் வெளியே வரும். பல்கலைக்கழகத்தின் பின்வாசலுக்கு எதிரே, ஜெராக்ஸ் கடைக்கும் சைக்கிள் கடைக்கும் இடையில், எட்டடி அகலக் கடை அவருடையது. உள்ளே இரண்டு தையல் இயந்திரங்கள், ஒரு நீள மேசை, கூரைக் கம்பியில் தொங்கும் வெள்ளைக் கோட்டுகள். சட்டை, பாவாடை என்று யாராவது வந்தால் கையை நீட்டி அடுத்த தெருவைக் காட்டுவார். ஆய்வுக்கூடக் கோட்டு மட்டும்தான். இருபத்தாறு வருடமாக அது ஒன்றுதான்.

இஞ்ச் டேப் கழுத்தில் தொங்குகிறதே தவிர, பாதி நேரம் அது அலங்காரம். கடைவாசலைத் தாண்டிப் போகிறவர்களைக் கண்ணாலேயே அளந்துவிடுவார். "முப்பத்தெட்டு. வலது தோள் இறக்கம். பை மாட்டி மாட்டி ஆயிருக்கு" என்று யாரோ ஒருவரைப் பற்றிச் சொல்வார். அவர் கணவர் பஸ் ஓட்டுகிறவர். பஸ்ஸில் ஏறுகிற முகங்கள் அவருக்கு நினைவிருக்காது, நிறுத்தங்கள்தான் நினைவிருக்கும். "இவளுக்கு மனுஷங்க மூஞ்சியே தெரியாது. தோள் தெரியும், இடுப்பு தெரியும்" என்பார். அந்தக் குடும்பத்தில் முகங்களை நினைவில் வைத்திருப்பது மகள் ஒருத்திதான். அவள் பல் மருத்துவமனையில் வரவேற்பு மேசையில் உட்கார்ந்திருக்கிறாள்.

மகள் முதல் சம்பளத்தில் அம்மாவுக்கு ஒரு ஊசிமெத்தை வாங்கித் தந்தாள். கடிகாரம்போல மணிக்கட்டில் கட்டிக்கொள்ளும் வகை. "ஒருநாள் தும்மினேன்னா ஊசி நேரா உள்ள போயிடும்மா" என்று பயந்து வாங்கியது. கோட்டக்கா அதை நான்கு வருடங்களாக இயந்திரத்தின் கழுத்தில் கட்டி வைத்திருக்கிறார். "கையில கட்டினா மணி பாக்கத் தோணுது" என்பது அவர் காரணம். மெத்தையில் இதுவரை ஓர் ஊசியும் ஏறவில்லை.

கோட்டக்காவின் பெருமை பொத்தான். நாலு இழை நூல், அடியில் இரட்டை முடிச்சு, பொத்தானுக்கும் துணிக்கும் நடுவே நூலைச் சுற்றிக் கழுத்து கட்டி அதன்மேல் இன்னொரு முடிச்சு. கோட்டு கிழிந்தாலும் பொத்தான் போகாது. கடைப் பலகையிலேயே அதை எழுதிவைத்திருந்தார்.

மூன்று வருடங்களுக்கு முன்னால் ஒரு மாணவி கையில் கட்டுடன் வந்தாள். மேசையில் கரைப்பான் குடுவை கவிழ்ந்து, தீ கோட்டுக் கையில் பிடித்திருக்கிறது. தோழிகள் ஓடிவந்து கழற்றப் பார்த்திருக்கிறார்கள். பிய்த்து எடுக்கப் பார்த்திருக்கிறார்கள். கடைசியில் யாரோ தண்ணீரைத் திறந்துவிட்டார்கள். முழங்கைவரை வெந்த கையோடு அவள் வந்தது, கோட்டுக்குப் புதுக் கை வைக்க.

"அவ்வளவு இழுத்தும் உங்க பட்டன் ஒண்ணுகூட போகலக்கா" என்று சிரித்தாள். பாராட்டாகத்தான் சொன்னாள்.

கோட்டக்கா கோட்டை மேசையில் விரித்தார். கருகிய கை. அதற்குக் கொஞ்சம் தள்ளி, ஆறு பொத்தான்களும் வைத்தது வைத்தபடி இருந்தன. அன்று மத்தியானமே கடையை மூடினார். மறுநாள் வந்ததும் பலகையில் அந்த வரியின்மேல் வெள்ளைப் பெயிண்ட் அடித்தார். அதற்குப் பிறகுதான் பிரஸ் பட்டன்களைப் பெட்டி பெட்டியாக வாங்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

பிரஸ் பட்டனுக்கு ஒரு குணம் உண்டு. விளிம்பைப் பிடித்துத் தோலை உரிப்பதுபோல உரித்தால் படபடவென்று விட்டுவிடும். விளிம்பை உடம்போடு சேர்த்துப் பக்கவாட்டில் இழுத்தால் எத்தனை பலசாலி இழுத்தாலும் விடாது. கோட்டக்கா மேல்விளிம்பில் சிவப்புத் துணியால் ஒரு காது வைத்தார். கைகளையும் தோளிலிருந்து தானே வழுக்கி இறங்கும்படி தளர்வாக வெட்டினார். காதைப் பிடித்து ஒரே இழுப்பு, இரண்டு விநாடி, கோட்டு தரையில் கிடக்கும். தானே போட்டு இழுத்துப் பார்த்தார். மகளுக்குப் போட்டு இழுக்கச் சொன்னார். கடைக்கு வந்த மாணவிகளையெல்லாம் இழுக்கச் சொன்னார். முந்நூறு இழுப்புவரை எண்ணிக்கை வைத்திருந்தார். ஒருமுறையும் சிக்கவில்லை.

ஆனால் பல்கலைக்கழகத்துக்கு விற்கக் கொண்டுபோனபோது ஸ்டோர் ரூமில் சிக்கியது. "சோதனைச் சான்று இருக்காம்மா? தீ, அமிலம், எல்லாத்துக்கும் டெஸ்ட் பண்ணின காகிதம் வேணும்" என்றார் ஸ்டோர் கீப்பர். அந்தச் சோதனைக்கூடம் அதே வளாகத்தில்தான் இருக்கிறது. அதற்குள் நுழைய ஒரே வழி, பல்கலைக்கழகத்தின் புதுத்தொழில் வளர்ப்பு மையத்தில் இடம் கிடைப்பது. மாணவர்கள் வாயில் இன்குபேட்டர். தேர்வானால் ஆறு மாதம் ஒரு மேசை, ஒரு வழிகாட்டி, சோதனைக்கூடச் சாவி.

"இன்குபேட்டர்னா முட்டை வைக்கிறதுதானே? உன்னை எதுக்கு வைக்கிறாங்க?" என்றார் கணவர்.

"ம்-ம்" என்றார் கோட்டக்கா. அசையாதே என்று அர்த்தம்.

விண்ணப்பத்தை மகள் தன் மதிய இடைவேளையில் தட்டச்சு செய்தாள். கேள்விகளைத் தொலைபேசியில் படிப்பாள், அம்மா பதில் சொல்வார். உங்கள் போட்டியாளர் யார்? "பட்டன்." ஐந்து ஆண்டில் எங்கே இருப்பீர்கள்? "இங்கதான். வேற எங்க போறது?" இணை நிறுவனர் உண்டா? இதற்குக் கணவர் தன் பெயரைப் போட்டுக்கொள்ளச் சொன்னார். "உங்க சட்டையிலயே ஒரு பட்டன் மேல, ஒரு பட்டன் கீழ" என்று கோட்டக்கா அவரை விலக்கினார்.

முதல் வருடம், விண்ணப்பம் முழுமையாக இல்லை என்று பதில் வந்தது. மூன்று நிமிடக் காணொளி கேட்டிருந்தார்கள், இவர்கள் அதைக் கவனிக்கவில்லை.

இரண்டாம் வருடம் காணொளி எடுத்தார்கள். மகள் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள், ஊசி கூடாது என்று. கோட்டக்கா தலைவாரி, நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, கேமராவைப் பார்த்தார். "எமது தயாரிப்பானது ஆய்வகப் பாதுகாப்பினை மேம்படுத்தும் நோக்கில்..." மகள் போனைத் தாழ்த்தினாள்.

"அம்மா, இது யாரும்மா பேசறது?"

"எனக்கே தெரியல."

ஊசி இல்லாத வாய் அவருக்கு இரவல் வாய். அப்படியே அனுப்பினார்கள். மன்னிக்கவும் என்று பதில் வந்தது.

மூன்றாம் வருடம் மகள் சொல்லாமலே எடுத்தாள். அம்மா கோட்டு தைப்பது, மாணவி ஒருத்திக்கு மாட்டிவிடுவது, ஊசிகளுக்கு நடுவே "ம்ம்" என்று விளக்குவது, காதை இழுத்துக்காட்டுவது எல்லாம் அதில் இருந்தன. அடியில் எழுத்தில் மொழிபெயர்ப்பு போட்டாள். "இந்த இடத்தில் அம்மா சொல்வது: இங்கே பிடி, யோசிக்காதே." பல்கலைக்கழகத்துடன் உங்களுக்கு என்ன தொடர்பு என்ற கட்டத்தில் கோட்டக்கா சொன்னதை அப்படியே எழுதினாள்: உங்கள் ஆய்வுக்கூடங்களில் இருக்கும் எல்லாரையும் நான் அளந்திருக்கிறேன்.

நேர்காணலுக்கு அழைப்பு வந்தது.

கோட்டக்கா தேர்வுக்குழுத் தலைவருக்கே ஒரு கோட்டு தைத்தார். வேதியியல் பேராசிரியர். கேட்காமல், டேப்பை வைக்காமல் தைத்தது. தினமும் கடைவாசலில் நடந்து போகிறவர்தானே. நாற்பத்திரண்டு, இடது தோள் சரிவு, வயிறு போன வருடத்தைவிட ஒரு விரற்கடை கூட.

குளிரூட்டப்பட்ட அறை, நீள்வட்ட மேசை. பேராசிரியர், மையத்தின் மேலாளர், வெளியிலிருந்து வந்த தொழிலதிபர் அம்மையார் ஒருவர். ஒருவருக்குப் பத்து நிமிடம். மகள் சுவரோரம் நின்றாள். பேராசிரியர் கோட்டைப் போட்டுக்கொண்டு தோளை அசைத்துப் பார்த்தார். "என் கோட்டைவிட இது நல்லா உக்காருது" என்றார்.

"தீப் பிடிச்சிடுச்சுன்னு நெனச்சுக்கங்க சார். சிவப்புக் காதைப் புடிங்க. இழுங்க."

அவர் வலது கையால் பிடித்து இழுத்தார். கோட்டு திறக்கவில்லை. இன்னும் வேகமாக இழுத்தார். உடம்புதான் வலப்பக்கம் திரும்பியது. இரண்டு கையாலும் பிடித்தார். மேலாளர் கடிகாரத்தைப் பார்த்தார். மகள் கண்ணை மூடிக்கொண்டாள்.

கோட்டக்கா கிட்டே போய்ப் பார்த்தார். அரை விநாடியில் புரிந்துவிட்டது. பெண்களின் கோட்டில் வலப்பக்கத் துணி மேலே வரும், ஆண்கள் கோட்டில் இடப்பக்கத் துணி மேலே வரும். தையற்காரர்களின் கைவழக்கம் அது. முந்நூறு இழுப்பும் பெண்களின் கோட்டில், வலது கையால் உரித்தது. பேராசிரியருக்கு வெட்டும்போது கை தன் பாட்டுக்கு ஆண் கோட்டாக மாற்றி வைத்துவிட்டது. காது எதிர்த் திசைக்குப் போய்விட்டது. வலது கை இழுக்க இழுக்க, கோட்டு இறுகத்தான் செய்யும்.

"இடது கையால இழுங்க சார்."

இழுத்தார். படபடவென்று ஆறும் விட்டன. கோட்டு காலடியில் விழுந்தது.

பிறகு தொழிலதிபர் அம்மையார் கேட்டார். "நெருப்புப் பிடிச்சவன் எந்தக் கைன்னு யோசிச்சிட்டிருப்பானாம்மா?"

"மாட்டான்."

"அப்ப?"

"தப்பு என்னுது. ஆம்பளைக்கு ஒரு பக்கம், பொம்பளைக்கு ஒரு பக்கம்னு கத்துக் குடுத்தாங்க, தைச்சேன். எதுக்குன்னு நான் ஒருநாளும் கேக்கல. இனிமே எல்லாருக்கும் ஒரே பக்கம்தான். வலது கை போற பக்கம்."

"இடதுகைப் பழக்கம் உள்ளவங்க?"

கோட்டக்கா யோசித்தார். "அவங்களுக்குத் தனியாத் தைப்பேன். காதுக்கு வேற கலர் வைப்பேன். இன்னும் தைச்சுப் பாக்கல. பாத்துட்டுத்தான் சொல்ல முடியும்."

அம்மையார் எதையோ எழுதிக்கொண்டார். நேரம் முடிந்தது என்றார் மேலாளர், ஒரு வாரத்தில் சொல்வதாகவும் சொன்னார். பேராசிரியர் கோட்டைத் தரையிலிருந்து எடுத்துத் தட்டினார். "இதை நானே வச்சுக்கட்டுமா? இடது கைன்னு ஞாபகம் வச்சுக்கறேன்."

"குடுங்க சார். தப்பாத் தைச்சது வெளியில இருக்கக் கூடாது."

வாங்கி மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். வீடு திரும்பும்போது பஸ்ஸில் மகள் கேட்டாள். "ஏம்மா, அங்கபோயி ஒத்துக்கிட்டே? அவருக்குப் பழக இன்னும் கொஞ்சம் நேரம் வேணும்னு சொல்லியிருக்கலாம்ல?"

"அந்தப் பொண்ணு பட்டன் போகலக்கான்னு சொன்னப்பவும் நான் பேசாமத்தான் இருந்தேன்" என்றார் கோட்டக்கா.

அந்த வாரம் அவர் எதையும் நிறுத்தவில்லை. பேராசிரியர் கோட்டைப் பிரித்து, முன்பக்கத் துண்டுகள் இரண்டையும் புதிதாக வெட்டிப் பக்கம் மாற்றினார். சைக்கிள் கடைக்காரரைக் கூப்பிட்டு மாட்டிவிட்டு, ஒன்றும் சொல்லாமல் "இழுங்க" என்றார். ஜெராக்ஸ் கடைக்காரர், தபால்காரர், சாப்பிட வந்த கணவர், எல்லாரும் இழுத்தார்கள். எண்ணிக்கையை மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கினார். கணவர் மட்டும் ஐந்துமுறை இழுத்தார். "என்னைப் போட்டிருந்தா அன்னைக்கே கண்டுபிடிச்சிருப்பே. இணை நிறுவனர் வேணாம்னுட்டே" என்றார்.

ஏழாம் நாள், மகளுக்கு விடுமுறை. கடையில் அவளும் இருந்தாள். மேசையருகே உயிரியல் மாணவி ஒருத்தி கையை விரித்து நின்றாள். கோட்டக்கா அவள் முதுகில் ஊசி குத்திக்கொண்டிருந்தார், வாயில் இன்னும் ஏழு. மேசைமேல் தொலைபேசி அடித்தது. மகள் அழுத்தி, எல்லாருக்கும் கேட்கும்படி வைத்தாள்.

மேலாளர் பேசினார். இடம் இருக்கிறது. நிபந்தனையும் இருக்கிறது. ஒரு மாதத்தில் பத்துக் கோட்டு, எட்டு ஒரே பக்கம், இரண்டு இடதுகைக்காரர்களுக்கு. தொழிலதிபர் அம்மையார்தான் வழிகாட்டி. சம்மதமா?

"ம்" என்றார் கோட்டக்கா. குட்டையானது.

"ஹலோ?"

"சரின்னு சொல்றாங்க சார்" என்றாள் மகள்.

"நீங்க சொன்னாப் போதாதும்மா. இது பதிவாகுது. விண்ணப்பதாரர் அவங்க வாயாலயே சொல்லணும்."

கோட்டக்கா முதுகிலிருந்து கையை எடுத்தார். உதட்டிலிருந்து ஓர் ஊசியை உருவினார். உயிரியல் மாணவி தோளைச் சுருக்கி, "என்னக்கா, அசைஞ்சிட்டேனா?" என்றாள். இயந்திரத்தின் கழுத்தில் நான்கு வருடமாகச் சும்மா இருந்த மெத்தையைத் தன் பக்கம் திருப்பி, கோட்டக்கா முதல் ஊசியைக் குத்தினார். பிறகு இரண்டாவது. மேலாளர் மறுபடி ஹலோ என்றார். மூன்று, நான்கு. மகள் போனைக் கையில் எடுத்து அம்மாவுக்கு அருகில் நீட்டினாள். ஏழாவதும் இறங்கியதும் மெத்தையின் பட்டையை அவிழ்த்து, மணிக்கட்டில் கட்டி, பல்லால் இழுத்து முடிச்சை இறுக்கிக்கொண்டு, போனின் பக்கம் குனிந்தார்.